செட்டிநாட்டு வரைபடத்தில் திசையும் உறவும்: ஜிஐஎஸ் பழகுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஜிஐஎஸ் (இடத் தகவல்களைக் கணினி வரைபடத்தில் ஏற்றி ஆராயும் முறை) படிக்கும் மாணவர்களும், தங்கள் ஊர் வீடுகளையும் கண்மாய்களையும் வரைபடத்தில் ஏற்றிப் பார்க்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பலவாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். திசை என்பது ஓர் இடத்துக்கே சொந்தமான குணம் கிடையாது. எதிலிருந்து எதைப் பார்க்கிறோம், எந்த வடக்கை வைத்துப் பார்க்கிறோம், அந்தப் பொருளைப் புள்ளியாக எடுக்கிறோமா பரப்பாக எடுக்கிறோமா என்று முடிவு செய்யாமல் மென்பொருளிடம் கேட்டால் அது ஏதோ ஒரு எண்ணைத் தரும், நாமும் அதை நம்பிவிடுவோம்.

இடஞ்சார் உறவு என்கிறார்களே, அது என்ன? திசையும் அதில் சேர்த்தியா?

சேர்த்திதான். வரைபடத்தில் இரண்டு பொருள்கள் இருந்தால் அவற்றைப் பற்றி மூன்று விதமாகக் கேட்கலாம். ஒன்றையொன்று தொடுகின்றனவா, ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறதா, விலகி இருக்கின்றனவா என்பது முதல் வகை. இதை இடத்தியல் உறவு என்பார்கள். எவ்வளவு தூரம் என்பது இரண்டாவது, எந்தப் பக்கம் என்பது மூன்றாவது. முதல் வகை மிக உறுதியானது. வரைபடத்தை எந்த ப்ரொஜெக்ஷனுக்கு (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறைக்கு) மாற்றினாலும், தலைகீழாகத் திருப்பி வைத்தாலும், ஊருக்குள் இருக்கும் ஊருணி ஊருக்குள்தான் இருக்கும். தூரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். திசை அப்படியில்லை, நாம் கேட்கும் விதம் மாறினாலே அதன் பதிலும் மாறிவிடும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் திசையைப் பற்றியே இருக்கிறது.

முதல் வகைக்குக் கணித அடிப்படை போட்டவர்களில் முக்கியமானவர்கள் மாக்ஸ் எகன்ஹோஃபரும் ராபர்ட் ஃபிரான்சோசாவும். 1991ல் வந்த அவர்களுடைய கட்டுரை, ஒவ்வொரு பரப்புக்கும் உட்பகுதி, எல்லை என்று பிரித்து, ஒன்றின் பகுதி மற்றதன் பகுதியோடு சேர்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதும், இரண்டு பரப்புகளுக்கு இடையே 8 உறவுகளே வர முடியும் என்று காட்டியது. பிறகு வெளிப்பகுதியையும் சேர்த்து ஒன்பது கட்ட அட்டவணையாக விரித்தார்கள். இன்று போஸ்ட்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ் போன்ற ஜிஐஎஸ் மென்பொருள் எல்லாவற்றிலும் நீங்கள் பார்க்கும் இன்டர்செக்ட்ஸ் (எங்காவது சேர்கிறது), டச்சஸ் (எல்லையில் மட்டும் தொடுகிறது), வித்தின் (உள்ளே இருக்கிறது), ஓவர்லேப்ஸ் (ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறியிருக்கிறது) எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

எல்லைக்கல் எங்கள் ஊருக்குள் இல்லை என்கிறது மென்பொருள். ஏன்?

வித்தின் என்று கேட்டிருப்பீர்கள். கல் சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது, பாலிகனின் (ஊர்ப் பரப்பாக வரைந்த மூடிய உருவத்தின்) ஒரு முனையே அந்தக் கல்தான். வித்தின், கன்டெயின்ஸ் (உள்ளடக்குகிறது) இரண்டும் பொருளின் ஏதாவது ஒரு பகுதியாவது உட்பகுதியில் விழ வேண்டும் என்று எதிர்பார்க்கும். எல்லையில் மட்டும் நிற்கும் புள்ளியை அவை ஏற்காது. எல்லையையும் சேர்த்துப் பார்க்கும் கவர்ஸ், கவர்டுபை என்று கேளுங்கள், ஆம் என்று வரும். டச்சஸ் என்றாலும் ஆம், இன்டர்செக்ட்ஸ் என்றாலும் ஆம். மூன்று கிராமம் கூடும் இடத்துக் கல் என்றால் மூன்றுக்கும் டச்சஸ் ஆம் என்று வரும், அது சரிதான்.

பக்கத்துப் பக்கத்து மனைகள் தொடவே இல்லை என்று வருகிறதே?

ஒவ்வொரு மனையையும் தனித்தனியாகப் புலப்படம் பார்த்து வரைந்தால் இதுதான் நடக்கும். கண்ணுக்கு ஒட்டியிருப்பது போல் தெரியும், பெரிதாக்கிப் பார்த்தால் நடுவே இரண்டு செ.மீ. இடைவெளியோ, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய கீற்றோ இருக்கும். டச்சஸ் என்பது எல்லைகள் துல்லியமாகப் பொருந்தினால் மட்டுமே ஆம் சொல்லும், அதற்குத் தாராள மனசு கிடையாது. வரையும்போதே ஸ்நாப்பிங்கை (புதிய முனையைப் பக்கத்து முனையோடு தானாக ஒட்டவைக்கும் வசதியை) போட்டுக்கொள்ளுங்கள். வரைந்து முடித்தாயிற்று என்றால் டோபாலஜி சரிபார்ப்பை ஓட்டி இடைவெளிகளையும் ஏற்றங்களையும் திருத்திவிட்டு அப்புறம் அண்டை மனைகளைக் கேளுங்கள்.

பத்திரத்தில் உள்ள நான்கெல்லையை அட்டவணையில் எப்படி ஏற்றுவது?

இது முக்கியமான கேள்வி, நிறையப் பேர் தடுக்கி விழும் இடம். நம் பக்கத்துப் பத்திரங்களில் இப்படி ஒரு வரி இருக்கும்: ஊருணிக்கு வடக்கு, கிழமேல் தெருவுக்குத் தெற்கு, கோயில் மனைக்கு மேற்கு, தென்வடல் சந்துக்குக் கிழக்கு, இதற்குள்பட்ட மனை. இதை அவசரமாகப் படித்து, வடக்கு என்ற பத்தியில் ஊருணி என்றும் தெற்கு என்ற பத்தியில் தெரு என்றும் ஏற்றினால் மனை அப்படியே தலைகீழாகிவிடும். ஊருணிக்கு வடக்கே மனை இருக்கிறது என்றால், மனையிலிருந்து பார்க்கும்போது ஊருணி தெற்கே இருக்கிறது. அதே மனைக்கு இன்னொரு பத்திரம் "வடக்கே கிழமேல் தெரு, தெற்கே ஊருணி" என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒரே மனையைத்தான் சொல்கின்றன, நின்று பார்க்கும் இடம்தான் வேறு.

அதனால் அட்டவணையில் பத்தியின் பெயரையே "மனையிலிருந்து வடக்கே இருப்பது" என்று முழுசாக வைத்துவிடுங்கள். ஏற்றுபவர் நான்கு பேராக இருந்தாலும் குழப்பம் வராது. தொடுகிறது என்ற உறவு இரண்டு பக்கமும் ஒன்றுதான்: மனை தெருவைத் தொட்டால் தெருவும் மனையைத் தொடுகிறது. திசைக்கு அந்தச் சமத்துவம் இல்லை, எப்போதும் குறிப்புப் பொருள் (எதிலிருந்து பார்க்கிறோமோ அது) ஒன்று, இலக்குப் பொருள் (எதைப் பார்க்கிறோமோ அது) ஒன்று என்று இரண்டு இடம் இருக்கும்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. திசையை எதிர்த்திசையாகத் திருப்பிப் போடுவது புள்ளிகளுக்குத்தான் சுலபம். முப்பதடி மனைக்குத் தெற்கே அரை மைல் நீளத் தெரு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவுக்கு மனை வடக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. மனையிலிருந்து தெருவைப் பார்த்தால் அதன் ஒரு துண்டு தெற்கு, ஒரு முனை தென்கிழக்கு, மறுமுனை தென்மேற்கு. ரூப் கோயலும் எகன்ஹோஃபரும் 1990களின் கடைசியில் தந்த திசை அணி இதைத்தான் பிடிக்கிறது: குறிப்புப் பொருளைச் சுற்றிச் செவ்வகம் போட்டு, அதன் நான்கு பக்கக் கோடுகளையும் நீட்டி ஒன்பது கட்டமாக்கி, இலக்குப் பொருள் எந்தெந்தக் கட்டத்தில் விழுகிறது என்று குறிப்பது. ஒரே சொல்லில் திசையைச் சொல்ல முடியாத இடத்தில் இது ரொம்ப உதவும்.

எங்கள் தெரு சரியான கிழமேல் இல்லை, சாய்ந்திருக்கிறது. பத்திரம் அப்படித்தானே சொல்கிறது?

ஊரில் பேசுவது தெருவின் போக்கை வைத்து, திசைகாட்டியை வைத்து இல்லை. தெரு பத்துப் பதினைந்து டிகிரி சாய்ந்திருந்தாலும் அது கிழமேல் தெருதான். பத்திரத்தோடு ஒப்பிடும்போது தெருவின் அச்சைக் கண்டுபிடித்து, அந்த அளவுக்கு வடக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு சோதியுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் பலவும் கட்டம் கட்டமாகத் தெரு போட்டவை, ஆகவே ஊருக்கு ஒரு திருப்பம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் போதும். சாய்வு நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் பத்திரத்தை நம்பாமல் நேரில் போய்ப் பாருங்கள்.

செட்டிநாட்டின் எல்லைக் கோப்பு எங்கே கிடைக்கும்?

அப்படி ஓர் அதிகாரபூர்வமான பாலிகன் கிடையாது. செட்டிநாடு ஒரு மாவட்டமோ வட்டமோ இல்லை. அதன் ஊர்கள் சிவகங்கை மாவட்டத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்திலும் பரவிக் கிடக்கின்றன. ஊர்ப்பட்டியலை எடுத்துப் புள்ளிகளாக்கி, அவற்றைச் சுற்றிக் குவி உறை (எல்லாப் புள்ளிகளையும் ரப்பர் வளையம் போல் சுற்றி இறுக்கும் எல்லை) போட்டோ, ஒவ்வொன்றுக்கும் பஃபர் (குறிப்பிட்ட தூரத்துக்குச் சுற்றுவட்டம்) போட்டு ஒட்டியோ ஓர் எல்லை செய்யலாம். குவி உறை ஒரு ஓரத்து ஊருக்காகச் சம்பந்தமில்லாத பரப்பையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் எனக்குப் பஃபர்தான் பிடிக்கும்.

ஆனால் வழிவழியாக வரும் ஒரு வருணனை இருக்கிறதே: வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல். இதையே ஜிஐஎஸ்ஸில் எல்லையாக்க முடியுமா என்று கேட்பவர்கள் நிறைய. முடியும். திசை ஆய்வு கற்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான்கு பக்கமும் நான்கு விதமான சிக்கல்.

பிரான்மலையை முதலில் எடுப்போம். அதை ஒரு புள்ளியாக வைத்தால் ஏறக்குறைய வடக்கு 10.24, கிழக்கு 78.44. தேவகோட்டை ஏறக்குறைய 9.95, 78.82. மலையிலிருந்து தேவகோட்டை கிழக்கே 41, 42 கி.மீ., தெற்கே 32 கி.மீ. போகிறது. வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளந்தால் திசைக்கோணம் சுமார் 128 டிகிரி. வட்டத்தை எட்டாக வெட்டும் கூம்பு மாதிரியில் கிழக்கு என்பது 67.5 முதல் 112.5 வரைதான். ஆகவே தேவகோட்டை கிழக்கு இல்லை, தென்கிழக்கு. காரைக்குடிக்கே 117 டிகிரி பக்கம் வரும், அதுவும் தென்கிழக்கு. இப்படிக் கேட்டால் செட்டிநாட்டின் இரண்டு பெரிய ஊர்களும் எல்லைக்கு வெளியே போய்விடும்! மலை வழியாக ஒரு தென்வடல் கோடு போட்டு, அதற்குக் கிழக்கே உள்ளதெல்லாம் கிழக்கு என்று எடுக்கும் அரைத்தள மாதிரியில் இரண்டும் உள்ளே வரும். ஆண்ட்ரூ ஃபிராங்க் 1990களில் இந்த இரண்டு மாதிரிகளையும் பிரித்துக் காட்டினார். எல்லை சொல்லும் வருணனை என்றால் அரைத்தளம், வழி சொல்வது என்றால் கூம்பு என்பது என் கட்சி.

வைகை இன்னும் சுவையானது. ஆறு வருசநாட்டு மலையில் தொடங்கி மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாகத் தென்கிழக்கே சாய்ந்து இராமநாதபுரம் பக்கம் கடலை நோக்கிப் போகிறது. முழு ஆற்றையும் கடல்வரை ஒரே கோடாக வைத்திருந்து அதைச் சுற்றிச் செவ்வகம் போட்டால், வைகை அணை 10 டிகிரிக்குச் சற்று மேலே இருப்பதால் செவ்வகத்தின் மேல்விளிம்பு அங்கே போய்விடும், தேவகோட்டை அந்தச் செவ்வகத்துக்குள்ளேயே விழுந்துவிடும். திசை அணி "வடக்கு" என்று சொல்லாது, "அதே இடம்" என்று சொல்லும். ஆற்றின் நடுப்புள்ளியை எடுத்தாலும் வடக்கு என்று வராது. சரியான வழி, ஒவ்வொரு ஊரிலிருந்தும் நேர் தெற்கே ஒரு கோடு விட்டு, அது வைகையை வெட்டுகிறதா என்று பார்ப்பது. தேவகோட்டையிலிருந்து விட்ட கோடு இராமநாதபுரம் பக்கத்தில் வெட்டும். இங்கே திசைக் கேள்வியை ஒரு வெட்டும் கேள்வியாக மாற்றிவிட்டோம், கவனித்தீர்களா? வளைந்து போகும் பொருளுக்கு எப்போதும் இந்த உத்தி நிற்கும்.

கடலுக்கும் அதே உத்திதான், நேர் கிழக்கே கோடு விட்டால் போதும். வெள்ளாற்றுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: தமிழ்நாட்டில் வெள்ளாறு இரண்டு. புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே ஓடும் தென்வெள்ளாறுதான் இது. பெயரை வைத்துத் தேடி, பரங்கிப்பேட்டையில் கடல் சேரும் வெள்ளாற்றை எடுத்துவிட்டால் தஞ்சாவூர் செட்டிநாட்டுக்குள் வந்துவிடும்.

எந்த வடக்கை எடுப்பது?

மூன்று இருக்கின்றன: உண்மை வடக்கு, வரைபடக் கட்டத்தின் வடக்கு, காந்த வடக்கு. நம் பகுதி யூடிஎம் (பூமியைத் தீர்க்கரேகை வழியே பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் கட்டமுறை) 44வது வட மண்டலத்தில் வருகிறது, அதன் நடுத் தீர்க்கரேகை 81. காரைக்குடி 78.78ல் இருப்பதால் நடுக்கோட்டிலிருந்து நன்றாக மேற்கே தள்ளி இருக்கிறோம், அதனால் கட்ட வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் 0.4 டிகிரி மேற்கே சாய்ந்திருக்கும். முப்பது மீட்டர் நீள வீட்டுக்கு இது 20 செ.மீ., யாரும் கவலைப்பட வேண்டாம். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிவரை கோடு போட்டால் தொண்ணூறு மீட்டருக்குப் பக்கம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். காந்த வடக்கு இங்கே ஓரிரு டிகிரி மேற்கே விலகும், ஆண்டுக்காண்டு நகரவும் செய்யும்.

களத்தில் இதைவிடப் பெரிய பிழை வேறு. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் வார்ப்பிரும்புத் தூண்களும் இரும்பு உத்தரங்களும் உண்டு. அவற்றின் பக்கத்தில் நின்று போனின் திசைகாட்டியைப் பார்த்தால் முள் எங்கே வேண்டுமானாலும் போகும். தெருவின் இரண்டு முனையிலும் ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, அந்தக் கோட்டின் கோணத்தைக் கணக்கிடுங்கள், அது பல மடங்கு மேல்.

அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியை வைத்தே திசைக்கோணம் கணக்கிடலாமா?

நம் ஊரில் பெரிய தவறு வராது. காரைக்குடி பக்கம் ஒரு டிகிரி அட்சம் சுமார் 110.6 கி.மீ., ஒரு டிகிரி தீர்க்கம் சுமார் 109.6. இரண்டும் ஏறக்குறைய சமம். காரைக்குடியை 10.07, 78.78 என்றும் பிள்ளையார்பட்டியை 10.12, 78.67 என்றும் சுருக்கி வைத்துக் கணக்குப் போட்டால் டிகிரியில் போட்டாலும் கி.மீட்டரில் போட்டாலும் கோணம் 294 – 295க்குள் வருகிறது, வித்தியாசம் கால் டிகிரிகூட இல்லை. இதையே காஷ்மீரில் செய்தால் ஒரு டிகிரி தீர்க்கம் 92 கி.மீ. ஆகச் சுருங்கியிருக்கும், கோணம் ஐந்து டிகிரிவரை தப்பும். ஆகவே இங்கே சரியாக வருகிறதே என்று அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். தூரத்துக்கு டிகிரியை எங்கேயும் பயன்படுத்தாதீர்கள்: 0.12 டிகிரி தூரம் என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொன்றையும் பாருங்கள். மேற்கு 292.5ல் முடிகிறது, வடமேற்கு அங்கே தொடங்குகிறது. பிள்ளையார்பட்டி 295. காரைக்குடிக்கு எந்தப் புள்ளியை வைத்தீர்கள், பேருந்து நிலையமா, ரயில் நிலையமா, நகராட்சிப் பரப்பின் மையமா என்பதைப் பொறுத்து அதே ஊர் மேற்கு என்றும் வரலாம், வடமேற்கு என்றும் வரலாம். விளிம்பில் விழும் பதிலுக்குத் திசைப் பெயரோடு கோணத்தையும் எழுதி வையுங்கள்.

கோணம் 5.14 என்று வருகிறது. இது என்ன கணக்கு?

ரேடியன். அதாவது முழு வட்டத்தை 360 என்று வைக்காமல் சுமார் 6.28 என்று வைக்கும் கோண அலகு. போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் அசிமத்தும் (திசைக்கோணம் தரும் செயற்பாடு) கியூஜிஐஎஸ்ஸின் அசிமத்தும் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில், ரேடியனில்தான் தரும். டிகிரியாக்கிவிட்டால் 295க்குப் பக்கத்தில் வரும். நீங்களே நிரல் எழுதி ஏடேன்2 (இரண்டு வித்தியாசங்களிலிருந்து கோணம் தரும் கணிதச் செயற்பாடு) போட்டால் வேறு சிக்கல்: அது கிழக்கிலிருந்து எதிர்ச்சுற்றில் அளக்கும், ஆகவே கிழக்கு வித்தியாசத்தை முதலிலும் வடக்கு வித்தியாசத்தை இரண்டாவதாகவும் கொடுத்தால்தான் திசைக்கோணம் வரும். ஆர்க்ஜிஐஎஸ் என்ற மென்பொருளில் மிக அருகில் உள்ள பொருளைத் தேடும் நியர் கருவி தரும் கோணமும் தளக் கணக்கில் கிழக்கைச் சுழியமாக வைக்கிறது, புவிவளைவுக் கணக்கில் வடக்கைச் சுழியமாக வைக்கிறது. எந்தக் கருவியாக இருந்தாலும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு இடத்தைக் கொடுத்துச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் ஏறக்குறைய நேர் வடக்கு, சுழியத்துக்குப் பக்கத்திலோ 360க்குப் பக்கத்திலோ வர வேண்டும். 90 வந்தால் கருவி கிழக்கிலிருந்து அளக்கிறது என்று அர்த்தம்.

ஒரு ஊரில் உள்ள பெரிய வீடுகள் எந்தத் திசையில் கட்டப்பட்டிருக்கின்றன என்று சராசரி எடுக்க முடியுமா?

முடியும், எடுக்கவும் வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் தனித்தன்மையே அதன் நீளம்: முகப்பு ஒரு தெருவில், அப்புறம் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வாசலில் நின்றால் பின்வாசல்வரை நேராகப் பார்வை போகும். அந்த அச்சை அளப்பதற்கு வீட்டின் பாலிகனைச் சுற்றிச் சாய்வான குறைந்தபட்சச் செவ்வகம் போட்டு, அதன் நீளப் பக்கத்தின் கோணத்தை எடுக்க வேண்டும். கியூஜிஐஎஸ்ஸில் இதற்குக் கருவியும் இருக்கிறது, மெயின் ஆங்கிள் என்ற செயற்பாடும் இருக்கிறது.

ஆனால் சராசரி எடுக்கும்போது சாதாரணக் கூட்டல் வகுத்தல் இங்கே உதவாது. இரண்டு வீடு, இரண்டும் கிழமேல். ஒன்றை மேற்கிலிருந்து கிழக்காக அளந்ததால் 90, மற்றதைக் கிழக்கிலிருந்து மேற்காக அளந்ததால் 270. சராசரி 180, அதாவது இரண்டும் தென்வடல் வீடு என்று வருகிறது! காரணம், வீட்டின் நீளம் ஓர் அச்சு, அதற்கு முன் பின் கிடையாது. பத்திரம் எழுதியவர்கள் "கிழமேலடி, தென்வடலடி" என்று அளவு போட்டது இதே கணக்கில்தான். அச்சுகளுக்கு வழி இது: ஒவ்வொரு கோணத்தையும் இரண்டால் பெருக்குங்கள், 180 என்றும் 540 என்றும் வரும், 540ல் ஒரு முழு வட்டத்தைக் கழித்தால் 180. இரண்டும் ஒன்றாகிவிட்டன. அவற்றின் சைன், கொசைன் சராசரியை எடுத்துக் கோணமாக்கிப் பாதியாக்கினால் 90.

வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வேறு கேள்வி. அதற்குப் பாலிகன் போதாது, முகப்பு வாசலுக்குத் தனியாக ஒரு புள்ளி குறிக்க வேண்டும், பின்வாசல் புள்ளியிலிருந்து அதற்குக் கோணம் எடுக்க வேண்டும். இங்கே இரண்டால் பெருக்க வேண்டாம், ஆனால் சைன், கொசைன் வழியாகத்தான் போக வேண்டும், 350ம் 10ம் சேர்ந்தால் சராசரி வடக்கு, தெற்கு இல்லை. இரண்டு எண்களையும் ஒரே பத்தியில் கலந்து வைத்திருக்கும் தரவுகளைப் பார்த்திருக்கிறேன், பிரிக்கவே முடியாது. தொடக்கத்திலேயே "அச்சு", "முகம்" என்று இரண்டு பத்தி வையுங்கள்.

ஒன்பது நகரக் கோயில்களை (நகரத்தாரின் கோயில்களை) வைத்துத் திசைப்பரவல் நீள்வட்டம் (புள்ளிகள் எந்தப் பக்கம் நீண்டு பரவியிருக்கின்றன என்று காட்டும் வட்டம்) போடலாமா?

போடலாம், படம் அழகாக வரும். ஆனால் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது புள்ளிகளே இருக்கும்போது ஒரே ஒரு ஊர் நீள்வட்டத்தைத் திருப்பிவிடும். அதிலிருந்து பெரிய முடிவுகள் எடுக்காதீர்கள். இந்த நீள்வட்டம் 1926லேயே லெஃபீவர் என்பவர் தந்தது, பரவல் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. எல்லாச் செட்டிநாட்டு ஊர்களையும் சேர்த்துப் போட்டால் அர்த்தம் இருக்கும்.

கண்மாயிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று உயரத் தரவை வைத்துக் கண்டுபிடித்தேன். ஊரில் அப்படி இல்லையே?

ஊரில் சொல்வதைத்தான் நம்புங்கள். வழக்கமான முறை டி8: ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது செங்குத்தாக இறங்குகிறதோ அந்தப் பக்கம் நீர் போகும் என்று எடுத்து, கிழக்குக்கு 1, தென்கிழக்குக்கு 2, தெற்குக்கு 4 என்று இரட்டித்துக்கொண்டே போய் வடகிழக்குக்கு 128 என்று எண் போடுவது. 1984ல் ஓகலகனும் மார்க்கும் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. மலைப்பகுதியில் நன்றாக வேலை செய்யும்.

நம் பூமியோ ஏறக்குறைய தட்டை, கடல் பக்கம் மெல்லச் சரிகிறது, அவ்வளவுதான். எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு 2000 பிப்ரவரியில் 11 நாளில் விண்கலத்திலிருந்து ரேடாரில் எடுத்தது, கட்டம் 30 மீட்டர், உயரத்தில் சில மீட்டர் பிழை சகஜம். இங்கே ஒரு கண்மாய்க்கும் அடுத்த கண்மாய்க்கும் உள்ள உயர வித்தியாசமே அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும். சில மீட்டர் அகலக் கரை முப்பது மீட்டர் கட்டத்தில் சரியாகத் தெரியாது. கருவேல மரக்கூட்டம் மேடாகத் தெரியும். நீர் நின்ற பரப்பு தட்டையாக இருப்பதால் டி8 அங்கே கைபோன திசையில் எண் போடும். இந்த நிலையில் சரிவின் முகத்திசை வரைபடமும் வண்ணக் கலவையாகத்தான் வரும், எடுக்கவே வேண்டாம்.

இதற்கு நான் பரிந்துரைப்பது வேறு வழி. கண்மாய்களை முடிச்சுகளாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, கலுங்கு வழிந்தால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, மடை எந்த வயலுக்குத் திறக்கிறது என்று அந்த ஊர் விவசாயிகளிடமும் நீர் பாய்ச்சுபவரிடமும் கேட்டுக் கோடு போடுங்கள். கோடு வரையும்போதே மேல் கண்மாயிலிருந்து கீழ் கண்மாய்க்கு வரைந்தால் கோட்டின் போக்கே நீரின் போக்கு. இப்போது கிடைப்பது திசையுள்ள வலைப்பின்னல். இந்தக் கண்மாய்க்கு மேலே எத்தனை கண்மாய், எது நிரம்பினால் இதற்கு நீர் வரும், எந்த வாய்க்காலை அடைத்துக் கட்டிடம் வந்தால் கீழே யாருக்கெல்லாம் நின்றுபோகும் என்று கேட்கலாம். வடக்கு தெற்கு இந்தக் கேள்விகளுக்குத் தேவையே இல்லை, மேல் கீழ் போதும். வாய்க்கால்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில், திசை ஆய்வில் நேரம் செலவழிக்க விரும்பும் மாணவர் யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள் என்றே சொல்வேன்.

காற்றின் திசையும் ஓட்டத்தின் திசையும் ஒன்றாகத்தானே எழுதப்படுகின்றன?

இல்லை. காற்றை வரும் பக்கத்தை வைத்துச் சொல்கிறோம், நீரைப் போகும் பக்கத்தை வைத்து. வடகிழக்குப் பருவக்காற்று 45 டிகிரி என்று தரவில் இருந்தால் அது 225ஐ நோக்கி வீசுகிறது. சூளைப்புகை எந்தத் தெருவுக்குப் போகும் என்று பார்க்கும்போது 180ஐக் கூட்ட மறக்காதீர்கள்.

காரைக்குடியிலிருந்து ரங்கூனுக்குக் கோணம் எடுத்தேன். திரும்பி வரும் கோணம் 180 வித்தியாசத்தில் இல்லையே?

சரியாகத்தான் வந்திருக்கிறது. பர்மா, மலாயா என்று கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போன குடும்பங்களின் இடப்பெயர்வை வரைபடமாக்கும்போது இது எல்லோருக்கும் வரும். பெருவட்டப் பாதையில் (பூமியின் மேல் மிகக் குறுகிய வழியில்) காரைக்குடியிலிருந்து ரங்கூனுக்குப் புறப்படும் கோணம் சுமார் 66, ரங்கூனிலிருந்து காரைக்குடிக்குப் புறப்படும் கோணம் சுமார் 250. 246 வரும் என்று எதிர்பார்ப்போம், 4 டிகிரி கூடுதலாக வருகிறது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிவதால் இரண்டு ஊர் வடக்கும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு இந்தப் பேச்சே எழாது.

பழைய டோப்போ ஷீட்டின் (நில அளவை வரைபடத் தாளின்) மேல் புதிய தரவைப் போட்டால் ஊருணி ஊருக்கு வெளியே போகிறது. எதை மாற்றுவது?

டேட்டத்தை, அதாவது இடங்களின் ஆயங்களை அளக்க அடிப்படையாக வைத்த பூமி வடிவத்தை. பழைய இந்திய நில அளவைத் தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தில் வரையப்பட்டவை, 2005ன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களும் ஜிபிஎஸ்ஸும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு டேட்டத்தில் இருக்கின்றன. மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நூறு மீட்டர் கணக்கில் நகர்ந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், பழைய தாளுக்குள்ளேயே இரண்டு இடத்துக்குக் கோணம் எடுத்தால் சரியாகவே வரும், எல்லாம் சேர்ந்து நகர்ந்திருப்பதால். பழைய தாளின் ஊருணியைப் புதிய ஊர் எல்லையோடு சேர்த்துக் கேட்கும்போதுதான் உள்ளே, வெளியே, தொடுகிறது எல்லாம் பொய்யாகும். இன்னொரு விஷயம், 10வது அட்சரேகை நம் பகுதியைக் குறுக்கே வெட்டுகிறது: காரைக்குடி 58 ஜே தொகுதியில், தேவகோட்டை 58 கே தொகுதியில். இரண்டு தாளையும் தனித்தனியாக ஜியோரெஃபரன்ஸ் செய்தால் (படத்துக்கு உண்மையான ஆயங்களைக் கொடுத்தால்) நடுவே ஓடும் சாலைகளும் வாய்க்கால்களும் முறிந்து நிற்கும். இரண்டு தாளிலும் பொதுவாக உள்ள 10 டிகிரிக் கோட்டின் மூலைப்புள்ளிகளை ஒரே மதிப்போடு கொடுத்து, அந்தக் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு வாய்க்காலையும் கையால் இணைத்துவிட்டு, அப்புறம் வலைப்பின்னல் கணக்கை ஓட்டுங்கள்.